பூனைக்குத் தயிர்சோறு – ஒரு பழைய கணக்கு

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போயிருமாம்" என்று ஒரு சொலவடை உண்டு. சட்டியில் இருக்கிற பாலைத் திருட்டுத்தனமா குடிக்கிற பூனையைப் பார்த்து யாரோ சொன்னது. தன் கண்ணு மூடியிருக்கு, அதனால ஊருக்கே கண்ணு தெரியாதுன்னு அது நினைச்சுக்குமாம்.

இந்தச் சொலவடைக்கு விஞ்ஞானத்தில் ஒரு விபரீதமான பின்குறிப்பு இருக்கிறது. 1975-ல் அமெரிக்காவில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பாலில் இருந்து பிரித்தெடுத்த புரதத்தை மட்டுமே புரதமாகக் கொடுத்துப் பூனைகளை வளர்த்துப் பார்த்தார்கள். பூலோகம் இருண்டு போகலை. பூனையோட கண்ணுதான் நிஜமாவே இருண்டு போச்சு.

அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். பூனைக்கும் எங்க ஊருக்கும் இதில் சம்பந்தம் இருக்கு, அதனால கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வருவேன். பொறுத்துக்கோங்க :)

* * *

எங்க ஊர் திருச்சுழி. அருப்புக்கோட்டைக்குப் பக்கம், குண்டாற்றங்கரை. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1985-ல் மாவட்டத்தைப் பிரிக்கிற வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டம், அப்புறம்தான் விருதுநகர்ப் பக்கம் வந்தோம். ஆறுன்னு பேருதான், பெரும்பாலான நாள் மணல்தான் ஓடும். மானாவாரி பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு, பருத்தி, மிளகாய். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் உண்டு, இல்லாட்டி அந்த வருஷம் அவ்வளவுதான்.

மழையை நம்பின ஊரில் தானியத்தைப் பத்திரப்படுத்துறதுதான் பிழைப்பு. அதுக்குத்தான் குலுக்கை. பார்க்காதவங்களுக்குச் சொல்றேன்: மண்ணால செஞ்ச ஆள் உயர ஜாடி மாதிரி இருக்கும். மேலே வாய் வழியா தானியத்தைக் கொட்டி மூடிருவாங்க. கீழே சின்னதா ஒரு ஓட்டை, அதைத் துணி வச்சு அடைச்சிருப்பாங்க. வேணும்கிறப்ப துணியை உருவினா தானியம் பொலபொலன்னு கொட்டும். ரெண்டு வருஷம் மழை பொய்த்தாலும் குலுக்கையில் குதிரைவாலி இருந்தா வீட்டில் அடுப்பு எரியும்.

தானியம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்தில் பூனை இருக்கும். இது திருச்சுழியில் தொடங்கின கதை இல்லை. மேற்கு ஆசியாவில் மனுஷன் முதன்முதலா தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கின காலத்திலேயே, பத்தாயிரம் வருஷம் போல முன்னாடி, காட்டுப் பூனை தானாகவே வந்து ஒட்டிக்கிச்சு என்றுதான் மரபணு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையைப் புதைத்திருக்கிறார்கள். நாயை நாம் பழக்கினோம். பூனை எலிக்காக வந்தது, வந்து நம்மளைச் சகிச்சுக்கிச்சு, அவ்வளவுதான்.

எங்க அப்பத்தா வீட்டுப் பூனைக்குக் கிடைச்சது ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மோர் ஊத்தின கம்பஞ்சோறு. சோறுன்னு சொல்லக்கூடாது, ஒரு கைப்பிடி.

"ஏன் அப்பத்தா, இவ்வளவுதானா அதுக்கு?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கேன்.

"அது வயித்தை நாமளே நெப்புனா அது எதுக்குடா நம்ம வீட்டுல? குலுக்கையைச் சுத்தி ஓடுறதெல்லாம் அதுக்குத்தான?" என்பார்.

கஞ்சத்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பூனைக்குச் சோறு என்பது சும்மா ஒரு கவனிப்பு, வீட்டுக்கு வரச்சொல்லி வைக்கிற வெத்தலை பாக்கு மாதிரி. நிஜமான சாப்பாடு குலுக்கைக்கு அடியில் சுண்டெலி, கரிசக்காட்டில் வெள்ளெலி, கூரையில் பல்லி, வேலியில் ஓணான், ஏமாந்த அணில். எங்க ஊர்ப் பூனை எதுவும் சோற்றில் வளரலை. சோற்றைத் தின்ன எலியில் வளர்ந்துச்சு. இந்த ஒரு வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

* * *

சரி, இப்போ எலிக்கு வருவோம்.

எலிக்குச் சாப்பாடு போட்டுப் பார்த்த ஆராய்ச்சியில் நம்ம தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ராபர்ட் மெக்காரிசன் என்று ஒரு மருத்துவர், அயர்லாந்துக்காரர். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியை ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் வாங்கியது. மெக்காரிசன் 1920களில் செய்த ஒரு சோதனை ரொம்பப் பிரபலம். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே இளம் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்று சாப்பிட்ட சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசி வரிசையில் நின்றது யாரென்று நினைக்கிறீர்கள்? அரிசியை நம்பின வங்காளச் சாப்பாடும் நம்ம மதராஸ் சாப்பாடும்தான் :(

புரதம் மட்டுமே அதுக்குக் காரணம் இல்லை, வைட்டமின் குறைச்சலும் சேர்ந்துதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மதராஸ் சாப்பாட்டு எலிகள் குள்ளமா, நோஞ்சானா இருந்தாலும் சமாளித்தன. எப்படிச் சமாளிக்குது என்பதற்கான ஒரு விடை 1962-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஷிம்கே என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சியில் கிடைத்தது.

இதுக்குக் கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம் வேணும், பயப்படாதீங்க. நாம் சாப்பிடுற புரதம் வயிற்றில் உடைந்து அமினோ அமிலங்களாகும். செங்கல் மாதிரி. உடம்பு அந்தச் செங்கலை எடுத்துத் தசை, முடி, ரத்தம் என்று கட்டிக்கொள்ளும். மிச்சச் செங்கலைச் சேர்த்து வைக்க உடம்பில் கிட்டங்கி கிடையாது. அதை ஈரல் உடைத்து எரிபொருளாக்கிவிடும். உடைக்கும்போது அமோனியா வெளியே வரும். அது விஷம். அதை யூரியாவாக மாற்றி மூத்திரத்தில் அனுப்பிவிடுவது ஈரலின் வேலை. அந்த யூரியாச் சுழற்சியை 1932-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்ஸலைட்டும் கண்டுபிடித்தார்கள்.

ஷிம்கே பார்த்தது இதுதான்: எலிக்குப் புரதம் அதிகமாகக் கொடுத்தால் ஈரலில் இந்த உடைக்கிற நொதிகள் கூடுகின்றன. புரதத்தைக் குறைத்தால் நொதிகளும் குறைகின்றன. அதாவது வரவு குறைஞ்சா எலியோட உடம்பு செலவையும் குறைச்சுக்கும். கஷ்ட காலத்தில் ஒரு செங்கலைக்கூட எரிக்காமல் பிடிச்சு வச்சுக்கும். நம்ம உடம்பும் அப்படித்தான். நாயும் ஓரளவுக்கு அப்படித்தான். பஞ்சம் பார்த்த ஊர்க்காரனுக்கு இது புதுசா சொல்லித் தரவேண்டிய பாடமா?

பூனை அப்படி இல்லை என்பதுதான் கதையின் திருப்பம்.

* * *

1977-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் குவின்டன் ராஜர்ஸ், ஜேம்ஸ் மாரிஸ், ஃப்ரீட்லாண்ட் மூன்று பேரும் இதே சோதனையைப் பூனைக்குச் செய்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் புரதம் அதிகம், இன்னொரு கூட்டத்துக்குக் குறைவு. ஈரலைப் பார்த்தால் ரெண்டு கூட்டத்திலும் நொதிகள் கிட்டத்தட்ட ஒரே அளவு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எங்க ஊர் பாஷையில் சொல்லணும்னா, கிணத்து மோட்டார் மாதிரி. கிணத்தில் தண்ணி இருக்கோ இல்லையோ மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. தண்ணி இருக்கிற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. தண்ணி வத்திப் போச்சுன்னா? காயில் கருகிரும். புரதம் குறைஞ்ச சாப்பாடு சாப்பிடுற பூனையின் ஈரல் தன் வேகத்தைக் குறைக்காமல், பூனையின் சொந்தத் தசையில் இருக்கிற செங்கலையே உருவி எரிக்க ஆரம்பித்துவிடும்.

இதில் பின்னாளில் ஒரு திருத்தமும் வந்தது. 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, தேவைக்கு மேல் புரதம் கிடைக்கிற வரைக்கும் பூனையும் எரிக்கிற அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்று காட்டியது. ஆனால் தேவைக்குக் கீழே போனால் குறைக்க முடியலை. மோட்டாருக்கு வேகம் கூட்டுற திருகு இருக்கு, நிறுத்துற சுவிட்சுதான் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

குட்டிப் பூனைக்கு இது இன்னும் சிக்கல். பொதுவா எந்தக் குட்டிக்கும் வளர்வதற்குப் புரதம் வேணும். நாய்க்குட்டி தனக்குக் கிடைக்கிற புரதத்தில் பெரும்பகுதியை வளர்ச்சிக்குப் போடுகிறது. பூனைக்குட்டிக்கோ அந்த மோட்டாருக்குத் தீனி போடவே பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சத்தில்தான் வளரணும். அதனால்தான் அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த அளவில், ஈரம் நீக்கிய கணக்கில், நாய்க்குட்டித் தீவனத்துக்குக் குறைந்தபட்சம் 22.5 சதவீதம் புரதம், பூனைக்குட்டிக்கு 30 சதவீதம். வளர்ந்த நாய்க்கு 18, வளர்ந்த பூனைக்கு 26. அரிசியில் இருக்கிறதே ஏழெட்டு சதவீதம்தான். தயிரை எவ்வளவு தாராளமா ஊத்திப் பிசைந்தாலும் அந்த முப்பதை எட்டிப் பிடிக்க முடியாது.

அடுத்த வருஷம், 1978-ல், மாரிஸும் ராஜர்ஸும் இன்னும் ஒரு படி போனார்கள். எல்லா அமினோ அமிலமும் இருக்கிற, ஆனால் ஆர்ஜினின் என்ற ஒன்றை மட்டும் நீக்கின உணவைப் பூனைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வேளை. சில மணி நேரத்தில் வாந்தி, வாயில் நுரை, தள்ளாட்டம். ரத்தத்தில் அமோனியா தாறுமாறாக ஏறியிருந்தது. உயிரே போயிருக்கிறது. யூரியாச் சுழற்சி சுற்றுவதற்கு ஆர்ஜினின் வேணும். நாமும் எலியும் அதற்கான மூலப்பொருளைக் குடலிலேயே தயாரித்துக்கொள்வோம். பூனையால் அது போதுமான அளவு முடியாது. ஒரே ஒரு சத்து ஒரே ஒரு வேளை இல்லாததால் ஒரு மிருகம் சாகிறது என்பது ஊட்டச்சத்து வரலாற்றில் அபூர்வமான சங்கதி. நல்லவேளை, நாம் சாப்பிடும் புரதங்களில் பெரும்பாலும் ஆர்ஜினின் இருக்கும். அதனால் வீட்டில் இப்படி நடப்பதில்லை. வீட்டில் நடப்பது வேறு ஒன்று. அதுதான் கண்ணு சமாச்சாரம்.

* * *

1827-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் டீடமன், க்மெலின் என்ற இருவர் காளைமாட்டுப் பித்தநீரில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் காளைக்கு டாரஸ், நம்ம ரிஷப ராசிதான். அதனால் பின்னாளில் அதுக்கு டாரின் என்று பேர் வந்தது. நூத்தம்பது வருஷம் போல அதை யாரும் பெரிசா மதிக்கலை. புரதத்தைக் கட்டுறதுக்கு உதவாத அமினோ அமிலம், கட்டடத்தில் சேராத செங்கல், இருந்தா என்ன இல்லாட்டி என்ன என்கிற மாதிரி.

1964-லேயே லண்டனில் பாட்ரிசியா ஸ்காட்டும் அவரது குழுவும் ஆய்வுக்கூட உணவில் வளர்ந்த பூனைகளுக்குக் கண் கெடுவதை எழுதியிருந்தார்கள். காரணம் பிடிபடலை. 1975-ல்தான் ஹார்வர்டில் ஹேய்ஸ், கேரி, ஷ்மிட் மூவரும் முடிச்சை அவிழ்த்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கேசீன் என்ற பால் புரதத்தில் வளர்ந்த பூனைகளின் விழித்திரை செல்கள் செத்துக்கொண்டிருந்தன. ரத்தத்திலும் விழித்திரையிலும் மற்ற அமினோ அமிலங்கள் எல்லாம் ஏறக்குறைய சரியாக இருக்க, டாரின் மட்டும் தரைமட்டத்துக்குப் போயிருந்தது.

ஏன் பூனைக்கு மட்டும் இந்தக் கதி? ரெண்டு காரணம். மற்ற பல மிருகங்கள் கந்தகம் இருக்கிற அமினோ அமிலங்களில் இருந்து டாரினைத் தாங்களே செய்துகொள்ளும். பூனைக்கு அந்தத் தொழிற்சாலை ரொம்பச் சின்னது. ரெண்டாவது, பித்தநீர் தயாரிக்க நமக்கு டாரின் இல்லாட்டி கிளைசின் என்ற வேறொன்றை வைத்து ஒப்பேத்த முடியும். பூனைக்கு டாரின்தான் வேணும். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமா குடல் வழியா வெளியே போய்க்கிட்டே இருக்கும். வரவு இல்லை, செலவு மட்டும் நிக்கலை. மறுபடியும் அதே மோட்டார் கதை.

தப்பில்லை, பூனையோட முன்னோர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. எலியின் தசை, இதயம், மூளை எல்லாத்திலும் டாரின் கொட்டிக் கிடக்கு. தினமும் கடையில் ரெடிமேடா கிடைக்கிறதை எவனாவது வீட்டில் தைப்பானா? தையல் மிஷினை ஓரமா போட்டுட்டாங்க. இனிப்பு ருசி தெரியிற மரபணுகூடப் பூனைக்குப் பழுதாகிக் கிடக்கு என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். பாயசம் வச்சாலும் அதுக்கு இனிக்காது. முருங்கைக்கீரையை அரைச்சு ஊட்டினாலும் அதில் இருக்கிற கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றத் தெரியாது. எலியைத் தின்றே வாழ்வது என்று சாசனம் எழுதிக் கையெழுத்துப் போட்ட உடம்பு அது.

அரிசி, கம்பு, சோளம், பருப்பு எதிலும் டாரின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பசும்பாலில் சொற்பம். தாய்ப்பூனையின் பாலில் நிறைய. அந்தப் பாலில் புரதமும் பசும்பாலைப் போல ரெண்டு மடங்குக்கு மேல். 'பால்' என்ற ஒரே வார்த்தையில் நாம் ரெண்டையும் சொல்வதால்தான் குழப்பமே.

டாரின் இல்லாத தாய்ப்பூனைகளை வைத்து நியூயார்க்கில் ஜான் ஸ்டர்மன் 1980களில் செய்த ஆராய்ச்சிகள் படிக்கவே கஷ்டமாக இருக்கும். கரு கலைந்தது, குட்டிகள் செத்துப் பிறந்தன, பிழைத்தவை எடை குறைந்து, பின்னங்கால் சரியாக ஊன்ற முடியாமல், மூளை வளர்ச்சி குன்றி இருந்தன. அதாவது குட்டியின் தலையெழுத்து தாய் என்ன தின்றாள் என்பதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மனுஷக் குழந்தைகளுக்கான பால் பவுடரில் 1980களில் இருந்து டாரின் சேர்க்கத் தொடங்கியதற்குப் பின்னால் தாய்ப்பால் ஆராய்ச்சியோடு இந்தப் பூனைகளும் இருக்கின்றன. நம்ம வீட்டுப் பிள்ளைகள் குடித்த டப்பா பாலில் பெயர் தெரியாத பூனைக்குட்டிகளின் கடன் இருக்கு.

* * *

"கடையில் விற்கிற பூனைத் தீவனம் வாங்கிப் போட்டா முடிஞ்சது" என்று நினைப்பீர்கள். அங்கேயும் ஒரு கதை.

1978-லேயே நாய்த் தீவனம் தின்று வளர்ந்த பூனைகளுக்கு விழித்திரை கெட்டதைக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். நாய்க்கு டாரினைச் செய்துகொள்ளத் தெரியும், அதனால் அதன் தீவனத்தில் போதுமான அளவு இருக்கவில்லை. பூனைத் தீவனம் தின்ற பூனைகளாவது பிழைத்ததா என்றால், 1987 ஆகஸ்டில் டேவிஸைச் சேர்ந்த பால் பயான், மார்க் கிட்டில்சன், அவர்களோடு நம்ம ராஜர்ஸ், மாரிஸ் நால்வரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு குண்டைப் போட்டார்கள். இதயம் பலூன் மாதிரி ஊதித் துவண்டு போகும் நோய் பூனைகளுக்கு வந்துகொண்டிருந்தது. பல பூனைகள் செத்தன. அவை தின்றது பெரிய கம்பெனிகளின் பூனைத் தீவனம், அன்றைய அளவுகோலின்படி டாரினும் இருந்த தீவனம்தான். ஆனால் பூனைகளின் ரத்தத்தில் டாரின் இல்லை. தீவனத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் விதத்தால் குடலில் பாக்டீரியா டாரினைத் தின்றுவிடுவதும், பித்தநீரோடு போவது கூடுவதும் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அதனால்தான் இன்றைய அளவுகோலில் உலர் தீவனத்துக்கு 0.1 சதவீதம், டப்பாத் தீவனத்துக்கு அதில் இரண்டு மடங்கு, 0.2.

இதில் ஒரு நல்ல சேதி. டாரின் கொடுத்ததும் அந்தப் பூனைகளின் இதயம் மீண்டது. அதுவரை அந்த நோய் வந்தால் பிழைப்பதே அரிது. கம்பெனிகளும் டாரினைக் கூட்டினார்கள், நோய் மளமளவென்று குறைந்தது. இதயம் மீளும், விழித்திரை மீளாது. அதையும் சேர்த்துச் சொல்லணும்.

(அதே 1987-ல்தான் ஆஸ்திரியாவில் 'ரெட் புல்' பானம் விற்பனைக்கு வந்தது. அதிலும் டாரின்தான் சேர்க்கிறார்கள். மனுஷனுக்குத் தேவையில்லாம காசு குடுத்துக் குடிக்கிறது பூனைக்கு உயிர்.)

* * *

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன என்று நானும் விட்டிருப்பேன். சில வருஷம் முன்னாடி மதுரையில் இருந்து சித்தி மக போன் பண்ணினாள்.

"அண்ணே, பூனை மேல ஏதாச்சும் தெரியுமா உனக்கு? சாயங்காலமானா செவுத்துல போய் முட்டுது. கண்ணு பாப்பா பெருசாவே நிக்குது."

ஊரில் இருந்து கொண்டுபோன குட்டி. கோயில் தெருவில் ஒரு வீட்டு விறகுக் கொட்டடியில் பிறந்தது. கண்ணு திறந்து ஒரு மாசத்திலேயே தாயிடம் இருந்து பிரிச்சு, அட்டைப்பெட்டியில் வச்சு, பஸ்ஸில் கொண்டுபோயிட்டாள். மூணாவது மாடி. கதவு எப்பவும் சாத்தித்தான் இருக்கும்.

"என்னம்மா போடுற?"

"எல்லாம் நல்லாத்தான் போடுறேன். காலையில பாலு, மத்தியானம் தயிர்சோறு, ராத்திரி பிஸ்கட்டு பாலுல ஊறப்போட்டு. நாங்க என்ன சாப்பிடுறோமோ அதான். அவரு வீட்டுல கவிச்சி கிடையாதுல்ல."

அன்பில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டை விசாரித்துவிட்டு, டாரின் குறைச்சல்தான் என்று சொன்னார். இனி கெடாமல் பாத்துக்கலாம், போன பார்வை போனதுதான். அந்தப் பூனை அதுக்கப்புறமும் நல்லா இருந்துச்சு, தீவனம் தின்னு உடம்பு தேறிச்சு. வீட்டுக்குள்ள சாமான் எதையும் இடம் மாத்தாம வச்சிருந்தாங்க, மீசையை வச்சே நடந்துக்கிச்சு.

அவள் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு எழுதுறேன். "அண்ணே, அப்பத்தா வீட்டுப் பூனையும் மோர்ச்சோறுதான தின்னுச்சு? அதுக்கு ஏன் கண்ணு போகலை?"

* * *

பதில் மேலே சொல்லி ஞாபகம் வச்சுக்கச் சொன்ன அந்த வரியில் இருக்கு. அப்பத்தா வீட்டுப் பூனைக்கு மோர்ச்சோறு சாப்பாடு இல்லை. குலுக்கைதான் சாப்பாடு. கம்பையும் குதிரைவாலியையும் எலி தின்னுச்சு. எலிக்குத் தன் வரவுக்குத் தகுந்தபடி செலவைச் சுருக்கத் தெரியும், டாரினைத் தானே செய்துகொள்ளத் தெரியும். தானியத்தைப் பூனைக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற சமையக்காரன் எலிதான். எங்க கரிசக்காட்டில் பூனைக்கு யாரும் கறி வாங்கிப் போட்டதில்லை, ஆனா ஊரோட தானியம்தான் எலி வழியா பூனைக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தாயிரம் வருஷக் கூலி அது. பால் கூலி இல்லை, பால் வெறும் சில்லறை.

தெனாலிராமன் பூனைக் கதையை யோசிச்சுப் பாருங்க. எலித் தொல்லைக்காகப் பூனை வளர்க்கச் சொல்லி, அதுக்குப் பால் கொடுக்க ராஜா வீட்டுக்கு ஒரு பசுவும் தருகிறார். தெனாலிராமன் சுடச்சுடப் பாலை வைத்து, பூனை பாலைக் கண்டாலே ஓடும்படி பண்ணிவிட்டு, பாலைத் தானே குடித்தான். நாம் சிரிப்பது தெனாலியின் குறும்பைப் பார்த்து. ஆனா எலியைப் பிடிக்க வந்த ஜீவனுக்கு மாட்டைக் கட்டிவிட்ட ராஜாவின் கணக்கை யாரும் கேட்கலை :)

இப்போ ஊரில் குலுக்கை இல்லை. கம்பும் சோளமும் குறைஞ்சு ரேஷன் அரிசி வந்தப்பவே குலுக்கைகள் ஒவ்வொண்ணா உடைஞ்சு தோட்டத்துக்குப் போயிருச்சு. 2011-ல் இருந்து அந்த அரிசி இலவசம். மாசாமாசம் வர்ற அரிசிக்குப் பிளாஸ்டிக் டப்பா போதும். மழை பொய்த்தாலும் யாரும் பட்டினி கிடக்கிறதில்லை, அது நல்ல விஷயம்தான், குலுக்கைக் காலம் திரும்பணும்னு நான் ஆசைப்படலை. வீட்டில் எலி வந்தாலும் மருந்து வச்சிருவோம், அந்த எலியைத் தின்ற பூனையும் சாகும். கான்கிரீட் வீட்டில் பல்லிகூடக் கம்மி. பூனை மட்டும் அதே பூனை. ஈரல் அதே ஈரல். அதோட கூலியை நிறுத்திட்டு, சில்லறையை மட்டும் அதிகமாக்கிட்டு, "நல்லாத்தான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கிட்டிருக்கோம்.

அதனால், வீட்டுக்குள்ளேயே குட்டி வளர்க்கிறவங்களுக்கு, எனக்குத் தெரிஞ்ச நாலு விஷயம்:

குட்டிகளை ரெண்டு மாசமாவது தாயோட விடுங்க. கறி மீன் புழங்குற வீடுன்னா, வெங்காயம் பூண்டு மசாலா இல்லாம வேக வச்ச மீனோ கோழியோ கொடுங்க. கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி, இதயம் இதில்தான் டாரின் அதிகம். வேகவச்ச தண்ணியைக் கொட்டிராதீங்க, டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். வெங்காயம் பூனையின் ரத்தத்தையே உடைக்கும், அதனால் குழம்பில் கிடந்த மீனை எடுத்துப் போடாதீங்க.

வெறும் கறியும் நிரந்தரத்துக்கு முழுச் சாப்பாடு ஆகாது, சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. முடிஞ்சவங்க பூனைக்குட்டிக்கு என்றே போட்ட தீவனத்தை முக்கியச் சாப்பாடா வச்சுக்கோங்க. விலை குறைவுன்னு நாய்த் தீவனம் வேண்டாம்.

சைவ வீடுகளுக்கு ஒரு சேதி. கடையில் விற்கிற டாரின் இப்போ ஆலையில் வேதிப்பொருளில் இருந்து செய்யப்படுவது, எந்த மாட்டின் பித்தநீரும் இல்லை. ஆனால் டாரின் பொடியைத் தயிர்சோற்றில் தூவிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. புரதம், வைட்டமின் ஏ, இன்னும் சில கொழுப்புகள் எல்லாமே இடிக்கும். சமைக்க மனசு ஒப்பாதவங்க தீவனத்தைக் கொட்டி வைக்கலாம், அதுக்கு அடுப்பு வேண்டாம்.

குட்டி மங்கின வெளிச்சத்தில் முட்டினாலோ, கண்மணி சுருங்காமலே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் போங்க. போனதும் முதல் வேலையா, பூனை என்ன சாப்பிடுதுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. "நாங்க சாப்பிடுறதேதான்" என்று பெருமையா சொல்ற அந்த ஒரு வரியில் பாதி நோய் அவருக்குப் பிடிபட்டுரும்.

மோர்ச்சோறு வைக்காதீங்கன்னு சொல்லலை. வெத்தலை பாக்கு வைக்கிறதுல தப்பில்லை. விருந்தாளியை அதை மட்டுமே தின்னு வாழச் சொல்லாம இருந்தா சரி.